கல்லுத்துரை கடிதத்தில் பிறந்த பிள்ளை

அபர்மோர் தோட்டத்துத் தபால்காரன் அழகுமுத்துவுக்குத் தெரியாத கையெழுத்து கிடையாது. வாசிக்கத்தான் தெரியாது. உறையின் மேல் சாய்ந்து விழுகிற மாதிரி எழுதியிருந்தால் துரையின் மாமியார்; மெஷினில் அடித்து ஜன்னல் வைத்த உறை என்றால் கொழும்புக் கம்பனி; பென்சிலை எச்சில் தொட்டு எழுதியிருந்தால் முசிறிப் பக்கத்திலிருந்து யாரோ செத்த செய்தி. மாமியார் கடிதம் வருகிற நாளில் துரை எல்லோர் மேலும் எரிந்து விழுவார். ஆகையால் அழகுமுத்து பையோடு தொழிலாளர் குடியிருக்கும் லயத்தைக் கடக்கும்போதே விரலால் ஒரு ஜாடை காட்டிவிட்டுப் போவான். மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு யாரும் பிந்தி வரமாட்டார்கள்.

லிந்துலைத் தபால் கந்தோர் தோட்டத்திலிருந்து நாலு மைல். போக நாலு, வர நாலு. தோல் பை, அதற்கொரு பூட்டு, பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்று தபால் மாஸ்டரிடம், மற்றது தோட்டத்துப் பெரிய கிளாக்கரிடம். சுமக்கிறவனிடம் சாவி இருக்கக் கூடாது என்பது தபாலின் சட்டம். நாட்டின் சட்டமும் ஏறக்குறைய அதுதான் என்பது அழகுமுத்துவுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அவனுக்கு ஒரேயொரு கர்வம் உண்டு. பைக்குள் போனது போனதுதான். ஒரு தடவை துரைசானியம்மா தன் தங்கைக்குக் கோபத்தில் எழுதிய கடிதத்தைத் திருப்பி வாங்க, தோட்டத்து வாசல்வரை ஓடி வந்து மூச்சிரைக்க நின்றார். அழகுமுத்து தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "தபால்ல சேந்துருச்சுங்கம்மா" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினான். துரை விழுந்து விழுந்து சிரித்தார். துரைசானி ஆறு மாதம் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டையும் அவன் பாராட்டாகவே எடுத்துக்கொண்டான்.

இந்த கர்வம்தான் பிறகு அவனைக் கவிழ்த்தது. அதைச் சொல்ல வேண்டுமானால் கல்லுத்துரையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அபர்மோர் தோட்டத்தைக் காடு வெட்டித் திறந்தவர் ஆர்ச்சிபால்ட் மெக்ராத் என்று ஆபிஸ் சுவரிலுள்ள பித்தளைத் தகடு சொல்லும். கத்தியும் கோடரியும் பிடித்தவர்கள் முந்நூறு பேர். தகடு சின்னது, அத்தனை பேருக்கும் இடமில்லை. மெக்ராத் வந்தது கோப்பி போட. கோப்பிச் செடியெல்லாம் நோயில் செத்தபோது மற்றத் துரைமார் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்கள். இவர் செத்த செடிகளைப் பிடுங்கிய குழிகளுக்குள் இறங்கி, அடியில் என்ன பாறை கிடக்கிறது என்று பார்த்தார். பார்த்தவர் மேலே ஏறி வரவேயில்லை என்று சொல்லலாம். அதற்குப் பிறகு இருபது வருஷம், சின்னச் சுத்தியல் ஒன்றோடு மலை மலையாகத் தட்டிக்கொண்டு திரிந்தார். லயத்து ஆட்கள் அவருக்குக் கல்லுத்தொரை என்று பேர் வைத்தார்கள். உடைத்த கல்லை அவர் நாக்கால் தொட்டுப் பார்ப்பாராம். அரிசி விலை அப்படியிருந்தது, பாவம் அவர் என்ன செய்வார் என்று லயத்தில் அனுதாபப்பட்டார்களாம்.

பகலில் கல் உடைத்தார், மாலையில் கடிதம் எழுதினார். இந்த மலைப் பாறைகளின் வயது என்ன என்று சீமையிலிருந்த ஒரு பேராசிரியரோடு பதினொரு வருஷம் கடிதத்திலேயே சண்டை. கடிதம் போக ஐந்து வாரம், வர ஐந்து வாரம். நீர் ஒரு கழுதை என்று தை மாதத்தில் எழுதினால், நீர்தான் என்ற பதில் பங்குனி கடைசியில் வந்து சேரும். முடிவில் பேராசிரியர் முதலில் செத்துப்போனார், மெக்ராத் ஜெயித்தார். இந்த மலைநாட்டுப் பாறைகளை முதன்முதல் ஒழுங்காகப் பார்த்து எழுதியவர் அவர்தான் என்று பிறகு பெரிய இடங்களில் ஒத்துக்கொண்டார்கள். எழுதிய ஒவ்வொரு கடிதத்துக்கும் தன் கையாலேயே ஒரு நகல் எழுதி வைப்பது அவருடைய வழக்கம். அப்படிப் பதினான்கு நகல் கொப்பிகள் தோட்டத்து ஆபிஸ் அலுமாரியில் கிடந்தன. அறுபது வருஷமாக அவற்றை வாசித்தது கறையான் மட்டும்தான்.

கல்லைக் கண்டுபிடித்தது மெக்ராத். கண்டுபிடித்த கல்லைச் சாக்கில் போட்டு, முதுகில் ஏற்றி, அட்டைக்கடியோடு மலை இறக்கியது மூக்கன் என்ற ஆள். மூக்கன்தான் அழகுமுத்துவின் தாத்தா. சீமையில் எந்தப் பெரிய கூடத்தில் அந்தக் கற்கள் கண்ணாடிக்குள் இருந்தாலும், அங்கே போய்ச் சேருமுன் அவை மூக்கனின் முதுகுத் தோலைக் கொஞ்சம் தின்றுவிட்டுத்தான் போயின.

1948 பெப்ரவரியில் நாட்டுக்குச் சுதந்திரம் வந்தது. தோட்டத்துக்கு அரைநாள் லீவும் தின்ன ஆளுக்கொரு பணிசும் வந்தன. இரண்டு மாதம் கழித்து அழகுமுத்துவின் பையில் அவன் அறியாத கையெழுத்தில் ஒரு தடித்த உறை வந்தது. கல்லுத்துரையின் பேத்தி, மிஸ் மெக்ராத் என்ற கிழவி, ஸ்கொட்லாந்திலிருந்து எழுதியிருந்தாள். தன் தாத்தாவின் வாழ்க்கையையும் பாறைகளைப் பற்றிய கடிதங்களையும் புத்தகமாகப் போடப்போகிறாளாம். நகல் கொப்பிகள் தோட்டத்தில் இருந்தால் அனுப்பி உதவ முடியுமா என்று கேட்டிருந்தாள். துரைக்கு ஏகப்பட்ட சந்தோஷம். அறிவியலுக்கு உதவுகிற சந்தோஷம் ஒன்று; அலுமாரி காலியானால் தன் கோல்ப் கோப்பைகளை அடுக்கலாம் என்கிற சந்தோஷம் இன்னொன்று. பட்டியல் போட்டுக் கட்டி அனுப்பச் சொன்னார்.

பட்டியல் போடும் வேலை பெரிய கிளாக்கர் தம்பிஐயாவின் தலையில் விழுந்தது. யாழ்ப்பாணத்துக்காரர். இருபது வருஷமாக இந்தக் குளிரைத் திட்டிக்கொண்டே இந்தக் குளிரில் இருப்பவர். கொப்பிகளைப் புரட்டியவர் ஒரு காலையில் அழகுமுத்துவைக் கூப்பிட்டார்.

"உன்ரை பாட்டன்ரை பேர் மூக்கன்தானே?"

"ஆமாங்கய்யா."

"தகப்பன்ரை பேர்?"

"இராமையாங்க. அவரு செத்து ஒம்பது வருசமாச்சுங்களே."

"இதைக் கேள்" என்று கிளாக்கர் ஒரு தாளை எடுத்தார். கறையான் தையலைத் தின்றுவிட்டதால் அந்த ஒரு தாள் மட்டும் கொப்பியிலிருந்து கழன்று வந்திருந்தது. மேலே 1881, ஜூலை 14 என்று தேதி. அவர் இங்கிலீஷில் மெல்ல வாசித்துத் தமிழில் சொன்னார். "'இண்டைக்கு மத்தியானம் வரைக்கும் மலைக்குப் போக முடியேல்லை. என்ரை சுத்தியல் ஆள் மூக்கன் வரேல்லை. ஏசுறதுக்கெண்டு லயத்துக்குப் போனன். விடியக்காலமை அவன்ரை பெண்சாதிக்கு ஆம்பிளைப் பிள்ளை பிறந்திருக்கு. இராமையா எண்டு பேர் வைச்சிருக்கிறான். பிள்ளைக்கு நல்ல குரல். ஏசாமல் திரும்பி வந்தன். பின்னேரம் அவனே சாக்கோடை வந்து நிண்டான். லயத்துக்குப் பின்னாலை இருக்கிற மேட்டிலை சிவப்பு மணியள் பதிஞ்ச அருமையான பாறை ஒண்டு எடுத்தம்.'"

அழகுமுத்து நின்ற இடத்திலேயே நின்றான். செத்துப்போன அப்பன் அந்தத் தாளுக்குள் வீறிட்டு அழுதுகொண்டிருந்தான். பிள்ளை பெற்ற வீட்டுக்காரனை அன்று பின்னேரமே கல் சுமக்க விட்டிருக்கிறார்களே என்று கோபப்பட அவனுக்குத் தோன்றவில்லை. ஒரு வெள்ளைக்காரர் தன் கையால் அப்பன் பேரை எழுதியிருக்கிறார் என்பதே போதுமாயிருந்தது.

"கழண்ட தாள்தானே. நீ வைச்சிரு. துரைக்கு ஆர் சொல்லப்போறது?" என்றார் தம்பிஐயா.

யாராயிருந்தாலும் வாங்கி மடியில் வைத்திருப்பார்கள். ஆனால் கட்டவேண்டிய துணியும் அரக்கும் மேசைமேல் தயாராக இருந்தன, விலாசமும் எழுதியாகிவிட்டது. தபால்காரனின் கண்ணுக்கு அது ஏற்கனவே தபால்.

"வேணாங்கய்யா. போற தபால்லருந்து ஒரு தாள உருவுனா அது களவுங்க. அதோட, இங்க வச்சிருந்தா கூரை ஒழுகி நனைஞ்சுதான் போகும். அங்க போனா பொஸ்தகத்துல அச்சடிப்பாங்கல்ல. எங்கப்பா பேரு சீமையில இருக்கட்டுங்க."

கிளாக்கர் தாளைக் கொப்பிக்குள் திரும்ப வைத்தார். அழகுமுத்து தன் கையாலேயே மெழுகுத்துணி சுற்றித் தைத்து, அரக்கு வைத்து, மழைக்குத் தன் கம்பளியை அதற்குப் போர்த்தி, தான் நனைந்துகொண்டு லிந்துலைக்கு நடந்தான். பெண்சாதி சண்முகவடிவிடமும் லயத்து ஆட்களிடமும் அந்தக் கதையை ஒரு மாதம் சொன்னான். இரண்டாவது மாதம் அவனைக் கண்டால் ஆட்கள் வேறு வழியாகப் போகத் தொடங்கினார்கள்.

அந்த வருஷம் முடிவதற்குள் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. நீ இங்கே பிறந்தவனாயிருந்தால் போதாது, உன் அப்பனும் இங்கே பிறந்தவன் என்று காட்டு என்றது. காட்டாதவன் எந்த நாட்டுக்காரன் என்று சட்டம் சொல்லவில்லை. அது சட்டத்தின் வேலையில்லையாம். போன வருஷம் வரிசையில் நின்று வோட்டுப் போட்டவர்கள் அடுத்த தேர்தலில் வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். தேயிலையை மட்டும் பழையபடி அவர்களே கிள்ளலாம் என்பதில் யாருக்கும் ஆட்சேபணை இருக்கவில்லை.

அழகுமுத்துவும் தம்பிஐயாவைக் கொண்டு ஒரு மனு எழுதிப் போட்டான். மனு ஆற அமர நடந்து, 1956-இல்தான் அவனை விசாரணைக்குக் கூப்பிட்டது. நுவரெலியாவில் வாடகைக் கட்டிடமொன்றில் அதிகாரி உட்கார்ந்திருந்தார். இரத்தினபுரிப் பக்கத்துச் சிங்கள ஐயா, மரியாதையான மனுஷர், உட்காரச் சொன்னார். பக்கத்தில் தமிழுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர்.

அழகுமுத்துவின் பிறப்புத் துண்டு சரியாக இருந்தது. கலியாணப் பதிவு இருந்தது. இருபது வருஷத் தபால் வேலைக்குத் துரை கொடுத்த நற்சாட்சிக் கடிதம் இருந்தது.

"ஒங்கப்பா எங்க பொறந்தாருன்னு கேக்குறாரு" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

"தோட்டத்துலதாங்க. அஞ்சாம் லயத்துல."

"அத்தாட்சி?"

அந்தக் காலத்தில் தோட்டத்தில் ஒரு கன்றுக்குட்டி பிறந்தால் தொழுவத்துப் புத்தகத்தில் எழுதுவார்கள். லயத்தில் பிள்ளை பிறந்தால் எழுத ஒரு புத்தகமும் இருக்கவில்லை. எழுதியது ஒரே ஓர் ஆள், ஒரே ஒரு தாளில். அந்தத் தாளை யார் தைத்து அரக்கு வைத்து அனுப்பியது என்று அப்போதுதான் அழகுமுத்துவுக்கு உறைத்தது. சீமையில் ஒரு கடிதம் இருக்கிறது என்று தட்டுத் தடுமாறிச் சொன்னான். அதிகாரி ஆறு மாதம் தவணை கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது சண்முகவடிவு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"அன்னைக்கு அந்தத் தாள மடியில வச்சுக்கிட்டு வந்திருந்தா என்னங்க? யாரு வீட்டுத் தபாலுக்கு நீங்க காவலு?" என்றாள்.

அவள் கேட்டதில் ஒரு சொல்லும் பிழையில்லை. மனு தள்ளுபடியானால் அவனும் அவளும் மூன்று பிள்ளைகளும் அவர்கள் யாரும் கண்ணால் காணாத, இந்தியாவிலுள்ள முசிறிக்கு என்றைக்காவது கப்பலேற வேண்டிவரும். அங்கே அவர்களுக்கு ஒரு கூரையில்லை, தெரிந்த முகமில்லை. இங்கே தூங்கி எழுந்தால் போதும், கால் தானாக லிந்துலைக்கு நடக்கும்.

தம்பிஐயா மிஸ் மெக்ராத்துக்கு எழுதினார். அந்த ஒரு தாளை, இல்லாவிட்டால் அதன் போட்டோவையாவது அனுப்பி வையுங்கள், ஒரு குடும்பத்தின் கதி அதில் தொங்குகிறது என்று எழுதினார். மூன்று மாதம் அழகுமுத்து ஒவ்வொரு நாளும் பையைத் திறக்கும் மேசைப் பக்கத்திலேயே நின்றான். நாலாம் மாதம் ஒரு பார்சல் வந்தது. தூக்கும்போதே கனம் தெரிந்தது. அந்தப் பையை வழியில் ஒரு இடத்திலும் இறக்கி வைக்காமல் கொண்டுவந்து சேர்த்தான்.

உள்ளே கெட்டி அட்டை போட்ட புத்தகம் ஒன்றும் ஒரு கடிதமும் இருந்தன. மிஸ் மெக்ராத் மிகவும் அன்பாக எழுதியிருந்தாள். தாத்தாவின் பழைய தோட்டத்து மக்கள் தன்னை நினைவில் வைத்திருப்பது மனதைத் தொடுகிறது. புத்தகம் மூன்று வருஷத்துக்கு முன்பே வந்துவிட்டது. வீடு மாறியபோது கறையான் அரித்த கொப்பிகளைக் சாமான் ஏற்றிய வேலைக்காரர்கள் தொட மறுத்ததால், அச்சானபின் அவை தேவையில்லை என்று எரித்துவிட்டாள். ஆனால் கவலைப்பட ஒன்றுமில்லை, முக்கியமானதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. தன் கையொப்பமிட்ட பிரதி ஒன்றை அன்பளிப்பாக அனுப்புகிறாள்.

தம்பிஐயா 1881, ஜூலை 14-ஐத் தேடி எடுத்தார். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். வாசித்தார். திரும்ப வாசித்தார். பிறகு முன்னுரைக்குப் போனார். தோட்ட நிர்வாகம், வேலையாட்கள் முதலிய சில்லறை விஷயங்கள் வாசகரின் வசதிக்காக நீக்கப்பட்டுள்ளன என்று அங்கே அச்சிட்டிருந்தது. கடைசியில் பெயர்ப் பட்டியல் இருந்தது. அதில் கல்லுத்துரையின் நாய்க்கு ஏழு பக்கங்கள் குறித்திருந்தார்கள். மூக்கனைத் தேடினார், இல்லை. இராமையாவைத் தேடினார், இல்லை.

"என்னங்கய்யா போட்டிருக்கு?" என்றான் அழகுமுத்து.

தம்பிஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் வாறன் உன்னோடை. நான் வாசிச்சனான் எண்டு சாட்சி சொல்லுறன்" என்று மட்டும் சொன்னார்.

இரண்டாம் விசாரணைக்கு இருவரும் பஸ் ஏறினார்கள். அழகுமுத்து புத்தகத்தைக் கம்பளியில் சுற்றி மடியில் வைத்திருந்தான். அதே அதிகாரி. புத்தகத்தைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. இரத்தினக்கல் தோண்டுகிற இரத்தினபுரிக்காரருக்குக் கல் என்றால் போதும். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை நிதானமாக வாசித்தார். இன்று மத்தியானம்வரை மலைக்குப் போக முடியவில்லை. பின்னேரம் லயத்துக்குப் பின்னாலுள்ள மேட்டில் சிவப்பு மணிகள் பதிந்த அருமையான பாறை ஒன்று எடுத்தேன். அவ்வளவுதான் அச்சில் இருந்தது. அடியில் சின்ன எழுத்தில் அந்தக் கல் இப்போது சீமையில் எந்தக் கூடத்தில், எந்த இலக்கத்தில் இருக்கிறது என்ற விபரமும், எடுத்த இடம் இலங்கை, அபர்மோர் தோட்டம் என்ற குறிப்பும் இருந்தன.

அதிகாரி கல்லைப் பற்றிப் பத்து நிமிஷம் விசாரித்தார். அந்த மேடு இன்னும் இருக்கிறதா, சிவப்பு மணி எவ்வளவு பெரிது, இப்போதும் கிடைக்குமா. அழகுமுத்து தெரிந்ததையெல்லாம் சொன்னான். பிறகு, பஸ்ஸில் தம்பிஐயா வாசித்துக் காட்டியிருந்ததை நினைத்து, துணிந்து பக்கத்தின் மேல் விரலை வைத்தான்.

"மத்தியானம்வரைக்கும் ஏன் போக முடியலன்னு கேளுங்கய்யா. அன்னைக்குத்தான் எங்கப்பா பொறந்தாருங்க. அதனாலதான் எங்க தாத்தா வேலைக்குப் போகல."

மொழிபெயர்ப்பாளர் சொன்னார். அதிகாரி பக்கத்தை இன்னொரு தடவை பார்த்தார். உண்மையாகவே தேடினார், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

"அது இதுல இல்லேங்கிறாரு."

தம்பிஐயா எழுந்தார். மூலத் தாளைத் தன் கண்ணால் வாசித்ததாக இங்கிலீஷில் சொன்னார். அதிகாரி, 1948-இல் நீங்கள் தயாரித்த பட்டியலில் அந்தச் செய்தி இருக்கிறதா என்று கேட்டார். தம்பிஐயாவின் கையில் பட்டியலின் நகல் இருந்தது. ஏழாம் கொப்பி, 1880 முதல் 1882 வரை, பாறைகள் பற்றியது என்று தன் முத்து முத்தான கையெழுத்தில் அவரே எழுதியிருந்தார்.

"பாறைகளைப் பற்றித்தான் அவர்கள் கேட்டிருந்தார்கள்" என்றார்.

எரிந்துபோன தாளை வாசித்ததாகச் சொல்வதைத் தாளாக ஏற்கச் சட்டத்தில் வழியில்லை என்று அதிகாரி வருத்தத்தோடு சொன்னார். வருத்தம் நிஜந்தான். மனு தள்ளுபடி. புத்தகத்தை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். நல்ல புத்தகம், பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னார்.

தலவாக்கலையில் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது தம்பிஐயா, "என்னாலைதான் அழகுமுத்து" என்றார். "பட்டியலிலை ஒரு வரி போட்டிருக்கலாம்."

"நீங்க குடுத்தீங்கய்யா. நாந்தான் வேணாம்னேன்" என்றான் அழகுமுத்து.

அவன் லயத்துக்கு வந்தபோது சண்முகவடிவு மலையிலிருந்து அப்போதுதான் இறங்கி, கொழுந்துக் கூடையை வாசலில் கவிழ்த்திருந்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். இருந்தாலும் கேட்டாள்.

"என்னங்க சொன்னாங்க?"

"அந்தக் கல்லு இந்த நாட்டுக் கல்லுதான்னு ஒத்துக்கிட்டாங்க."

அவள் கவிழ்த்த கூடையை நிமிர்த்தி வைத்தாள்.

"நாம?"

அழகுமுத்து புத்தகத்தைச் சுற்றியிருந்த கம்பளியை அவிழ்த்து உதறினான்.

"நம்மளப் பத்தி அதுல ஒண்ணும் போடலையாம்."